கை கனமாக இருந்தால் போதுமா? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் அடியின் வலுவும் ஜோடிப் பொருத்தமும்

லண்டன் வெம்ப்ளியில் ராத்திரி பத்து மணி என்றால் நமக்கு விடியற்காலை இரண்டரை. 2025 ஜூலை 19 அன்று ராத்திரி தூக்கத்தை விட்டு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் மிஞ்சியது. டேனியல் டுபுவா 22 வெற்றிகளில் 21 பேரை நாக் அவுட் செய்தவர், 27 வயது, சுமார் 110 கிலோ. பத்து மாதத்துக்கு முன் அதே மைதானத்தில் ஆன்டனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில் படுக்க வைத்தவர். எதிரே ஒலெக்சாண்டர் உசிக், 38 வயது, சுமார் 103 கிலோ, 23 வெற்றிகளில் 14 மட்டுமே நாக் அவுட். கடைசியில் ஐந்தாம் சுற்றில் தரையில் கிடந்தது டுபுவா.

"அடி பலமாக இருக்கிறவர் எப்படி விழுந்தார்?" என்று மஞ்சக்குப்பம் டீக்கடையிலும் கேட்கிறார்கள், முத்தியால்பேட்டை ஜிம்மிலும் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: யாருடைய அடி கனம் என்பது ஒன்று, யாருடைய அடி யார் மேல் விழும் என்பது இன்னொன்று. சண்டையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. ஹெவிவெயிட்: தொழில்முறைக் குத்துச்சண்டையில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல் இருக்கிற எல்லாரும். மேல் வரம்பு கிடையாது. எடை குறைந்த பிரிவுகளில் இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்கே தனிப் பிரிவு இருக்கும்போது, இங்கே 102 கிலோ ஆளும் 127 கிலோ ஆளும் ஒரே வளையத்துக்குள் ஏறுகிறார்கள். 2024 டிசம்பரில் உசிக்கும் டைசன் ஃபியூரியும் மோதியது ஏறக்குறைய அந்த எடைகளில்தான். ஹெவிவெயிட் பற்றிய விவாதம் மட்டும் ஓயாமல் நடப்பதற்கு இந்த விதியே பாதிக் காரணம்.

2. நாக் அவுட், டெக்னிக்கல் நாக் அவுட்: விழுந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து நிற்காவிட்டால் நாக் அவுட். நின்றுகொண்டே இருந்தாலும் இனி தற்காத்துக்கொள்ள முடியாது என்று நடுவரோ மருத்துவரோ அவர் தரப்போ நிறுத்தினால் டெக்னிக்கல். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே கணக்கில் சேர்கிறது, இது பிறகு தேவைப்படும்.

3. ஜாப் என்பது முன்கையால் நேராக விடும் குத்து. கிராஸ் பின்கையால் நேராக. ஹூக் பக்கவாட்டில் வளைந்து வருவது. அப்பர்கட் கீழிருந்து தாடையை நோக்கி மேலே வருவது.

4. ஆர்த்தடாக்ஸ் என்றால் இடது கால், இடது கை முன்னால். சவுத்பா என்றால் வலது முன்னால். உசிக் சவுத்பா.

அடியின் கனத்தை அளக்க முடியுமா?

பொருட்காட்சிகளில் ஒரு குத்து இயந்திரம் இருக்குமே, பந்து தொங்கும், குத்தினால் மேலே எண் ஓடும். ஒரு பையன் நான்கு எட்டு பின்னால் போய், ஓடி வந்து, உடம்பையே தூக்கி வீசிக் குத்துகிறான், 850 காட்டுகிறது. அடுத்தவன் நின்ற இடத்திலிருந்து குத்துகிறான், 600. முதல் பையனின் கை கனம் என்று சொல்லிவிடலாமா? வளையத்துக்குள் யாரும் யாருக்கும் நான்கு எட்டு இடம் கொடுப்பதில்லை. அந்த எண் எதையும் அளக்கும் அலகும் இல்லை, இயந்திரம் செய்தவர் வைத்த கணக்கு அது. கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) வீரர் பிரான்சிஸ் இங்கானு 2017இல் ஒரு பயிற்சி மையத்துக் கருவியில் 1,29,161 "யூனிட்" அடித்ததையும், அதைக் கார் மோதுவதோடு ஒப்பிட்டதையும் இன்றைக்கும் பகிர்கிறார்கள். அதுவும் இதே வகைதான், அந்த யூனிட் நியூட்டனும் அல்ல, டன்னும் அல்ல. அதே இங்கானு 2024 மார்ச்சில் ஜோஷுவாவிடம் இரண்டாம் சுற்றில் நினைவிழந்து விழுந்தார்.

ஒழுங்காக அளந்தவர்களும் இருக்கிறார்கள். 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்த ஆய்வு வந்தது. புரூனோ அப்போது உலகத் தரவரிசையில் இருந்த ஹெவிவெயிட். அவருடைய கை அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்தது. இலக்கைத் தொட்டபோது வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4096 நியூட்டன், அதாவது நானூறு கிலோவுக்குச் சற்று மேலான பளு ஒரு கணம் அழுத்துவது போல. ஆறு கிலோ மரச் சுத்தியலுக்குத் துணி சுற்றி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் என்ன ஆகுமோ அதற்குச் சமம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆற்றல் கணக்கில் நம் ஊர் அளவுக்கு மாற்றிப் பார்த்தால், ஒன்றரைக் கிலோ தேங்காய் ஐம்பது அடிக்கு மேல் உயரமான மரத்திலிருந்து தலையில் விழுவது போன்றது.

இங்கே ஒன்று கவனியுங்கள். புரூனோவின் ஒரு கை ஆறு கிலோ எடை இருக்காது. அப்புறம் அந்த ஆறு கிலோ எங்கிருந்து வந்தது? காலிலிருந்து வந்தது. பாதம் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் பின்தொடர்கிறது, கை இலக்கைத் தொடும் அந்த நொடியில் மணிக்கட்டும் முழங்கையும் இறுகி உடம்போடு ஒரே கட்டையாகிறது. எவ்வளவு உடம்பு அந்தக் குத்தின் பின்னால் சேர்கிறதோ அதுதான் அதன் எடை. 2005இல் ஏழு ஒலிம்பிக் வீரர்களை வைத்து நடந்த ஆய்வும் இதையே காட்டியது: எடை கூடிய வீரர்களின் குத்தில் விசை கூடுவதற்குக் காரணம் கை வேகம் அல்ல, குத்தின் பின்னால் சேரும் இந்த எடைதான்.

எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். புஜம் பெருத்த ஒருவர் மூட்டையைக் குத்துகிறார், மூட்டை ஊஞ்சல் மாதிரி பின்னால் போய் ஆடி வருகிறது. அவரைவிட இருபது கிலோ குறைந்த பையன் குத்துகிறான். மூட்டை நகரவே இல்லை, குத்து விழுந்த இடத்தில் மடிந்து உள்ளே போகிறது, மேலே கொக்கியில் சங்கிலி 'சளக்' என்று குலுங்குகிறது. முதலாவது தள்ளல், இரண்டாவதுதான் அடி.

விழ வைப்பது எது?

விசை அதிகம் என்பதால் மட்டும் ஆள் விழுவதில்லை. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை அதே வேகத்தில் திரும்ப முடியாமல் முறுக்கிக்கொள்கிறது, அதில்தான் நினைவு போகிறது. தாடை நுனியில் பக்கவாட்டில் விழும் ஹூக் நெற்றியில் நேராக விழும் கனமான குத்தைவிட ஆபத்தானது இதனால்தான். தாடை ஒரு நெம்புகோல், நுனியைத் தட்டினால் தலை முழுக்கத் திரும்பும்.

இன்னொன்று, பார்க்காத அடி. கண்ணால் கண்டதற்குக் கை கால் பதில் சொல்ல மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும். புரூனோவின் குத்து 0.1 வினாடியில் வந்து சேர்கிறது. அப்படியென்றால் குத்தைப் பார்த்துவிட்டு யாரும் தப்புவதில்லை, தோள் அசைவையும் பாத வைப்பையும் பார்த்து முன்கூட்டியே ஊகிக்கிறார்கள். ஊகித்தால் கழுத்து இறுகும், தலை கொஞ்சம் விலகும், அடியில் பாதி வீணாகும். ஊகிக்காத அடிக்குக் கழுத்து தளர்ந்தே இருக்கும். உசிக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அவர் கால் ஓயாமல் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அவருடைய இடது கை எதிராளி எதிர்பார்க்கிற இடத்திலிருந்து புறப்படுவதே இல்லை. டுபுவாவை முடித்ததும் அந்த இடது கைதான். அளவி வைத்து அளந்தால் டுபுவாவின் குத்து கூடுதலாக இருக்கலாம், ஆனால் டுபுவா உசிக்கின் அடிகளைப் பார்க்கவில்லை, உசிக் டுபுவாவின் அடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிற்றடி தனிக் கதை. வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அங்கே ஹூக் சரியாக விழுந்தால் நினைவு தெளிவாக இருக்கும், ஒரு நொடி கழித்துக் கால் மட்டும் மடங்கும், எழ வேண்டும் என்று நினைத்தும் முடியாது.

நாக் அவுட் சதவீதம் எங்கே ஏமாற்றும்?

அமெரிக்க ஹெவிவெயிட் டியான்டே வைல்டர் 2020 பிப்ரவரி வரை 42 வெற்றி, அதில் 41 நாக் அவுட், ஒரு டிரா. இதைவிட அழகான எண் ஹெவிவெயிட் வரலாற்றில் அரிது. அந்த வலது கை உண்மையானதும்கூட: 2019 நவம்பரில் லூயிஸ் ஓர்ட்டிஸிடம் ஆறு சுற்று முடிவில் புள்ளி போடும் மூன்று நடுவர்களின் சீட்டிலும் பின்தங்கியிருந்து, ஏழாம் சுற்றில் ஒரே குத்தில் முடித்தார். அந்த மாதிரி வலது கை என் பார்வையில் இந்தத் தலைமுறையில் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் அந்த 41 பேரில் முதல் தர எதிராளிகள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் விட்டுச் சொல்லிவிடலாம். வளரும் வீரருக்கு ஆரம்பத்தில் விழக்கூடிய எதிராளிகளையே பார்த்துப் பார்த்துக் கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம், சதவீதத்தில் அவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

1970களின் அமெரிக்க ஹெவிவெயிட் எர்னி ஷேவர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அவரோடு மோதிய பலரும் தாங்கள் வாங்கியதிலேயே கனமான அடி அவருடையது என்றார்கள். வெற்றிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நாக் அவுட். ஆனாலும் உலகப் பட்டம் ஒருமுறைகூட இல்லை. 1977 செப்டம்பரில் முகமது அலி 15 சுற்று நின்று புள்ளியில் வென்றார். 1979இல் ஷேவர்ஸ் லாரி ஹோம்ஸை ஏழாம் சுற்றில் தரையில் சாய்த்தார், ஹோம்ஸ் எழுந்தார், பதினோராம் சுற்றில் ஷேவர்ஸின் சண்டை நிறுத்தப்பட்டது.

ஜோடிப் பொருத்தம்

புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் உள்ள குடும்பங்கள் நிறைய. பாரிஸிலிருந்து வரும் சித்தப்பாவோ மாமாவோ பிரெஞ்சு ஹெவிவெயிட் டோனி யோக்கா பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டார். அவரை வைத்தே ஒரு சங்கிலி கட்டுவோம். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் யோக்கா ஜோ ஜாய்ஸை வென்று தங்கம் வாங்கினார். 2020இல் ஜாய்ஸ் டுபுவாவை வென்றார். 2024இல் டுபுவா ஜோஷுவாவை வென்றார். ஆகவே யோக்கா ஜோஷுவாவைவிடப் பெரியவரா? யோக்காவோ 2022இல் மார்ட்டின் பகோலேயிடமும் 2023இல் கார்லோஸ் டகாமிடமும் தோற்றவர். இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது? ஒலிம்பிக்கில் மூன்று சுற்று, தொழில்முறையில் பத்து, பன்னிரண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் சண்டையின் நீளம் வேறு, ஆண்டு வேறு, எதிராளி கொண்டுவந்த சிக்கல் வேறு.

நாம் அளந்து பார்த்த புரூனோவே ஒரு வட்டத்துக்குள் நிற்கிறார். 1993 அக்டோபரில் லெனாக்ஸ் லூயிஸ் புரூனோவை நிறுத்தினார். 1994 செப்டம்பரில் ஆலிவர் மெக்கால் லூயிஸை இரண்டாம் சுற்றில் சாய்த்தார். 1995 செப்டம்பரில் புரூனோ மெக்காலைப் புள்ளியில் வென்று உலகப் பட்டம் கட்டினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் சுற்றி வந்து வென்றிருக்கிறார்கள்.

இதில் மிகத் தெளிவான பாடம் 1970களில் கிடைக்கிறது. ஜோ ஃபிரேசியர் 1971இல் அலியை வென்றவர். கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து வென்றவர். ஜார்ஜ் ஃபோர்மன் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை விழ வைத்தார், 1974 மார்ச்சில் நார்ட்டனையும் இரண்டாம் சுற்றில் முடித்தார். இந்தக் கணக்கை வைத்துத்தான் 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் அலிக்கு என்ன ஆகுமோ என்று எல்லாரும் பயந்தார்கள். எட்டாம் சுற்றில் விழுந்தது ஃபோர்மன்.

ஏன் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஃபிரேசியர் குனிந்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே எதிராளியின் நெஞ்சுக்குள் நுழைகிறவர், உள்ளே போனால்தான் அவருடைய இடது ஹூக் வேலை செய்யும். ஃபோர்மனோ அவரைவிட உயரம், இரண்டு கையாலும் எதிராளியின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்துகிறவர், குனிந்து வரும் தலைக்குச் சரியான அப்பர்கட் வைத்திருக்கிறவர். அதாவது ஃபிரேசியர் தன் பழக்கப்படி செய்த ஒவ்வொரு அசைவும் அவர் தாடையை ஃபோர்மனின் முஷ்டிக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தது. அலி அப்படிக் குனிந்து நுழைகிறவரே இல்லை. கயிற்றில் சாய்ந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, கைகளிலும் தோளிலும் அடி வாங்கி, நெருங்கினால் கழுத்தைப் பிடித்து அமுக்கி, இடையிடையே நேர்க் குத்துகளை முகத்தில் விட்டார். ஃபோர்மனின் முந்தைய எட்டுச் சண்டைகளும் இரண்டு சுற்றுக்குள் முடிந்தவை, ஐந்தாம் சுற்றுக்கு மேல் அவருக்கு மூச்சு இல்லை. அவருடைய அடியின் கனம் கிங்ஸ்டனில் இருந்த அதே கனம்தான், மாறியது எதிரே நின்றவர்.

ஜோடி மாறாமல் பொருத்தம் மட்டும் மாறுவதும் உண்டு. 2018 டிசம்பரில் ஃபியூரி பின்வாங்கிச் சுழன்று ஆடினார், வைல்டர் ஒன்பதாம், பன்னிரண்டாம் சுற்றுகளில் அவரை விழ வைத்தார், டிரா. 2020 பிப்ரவரியில் ஃபியூரி பயிற்சியாளரை மாற்றி, எடையை 116இலிருந்து 124 கிலோவுக்கு ஏற்றி, முதல் மணியிலிருந்தே முன்னால் நடந்தார். வைல்டரின் வலது கைக்கு ஓர் அடி இடமும் ஊன்ற ஒரு காலும் வேண்டும், பின்னால் போய்க்கொண்டே அதை விட முடியாது. ஏழாம் சுற்றில் வைல்டர் தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசியது. ஜோஷுவாவும் ஆண்டி ரூயிஸும் அதே கதைதான்: 2019 ஜூனில் நெருங்கி மாற்றி மாற்றிக் குத்தியதில் ஜோஷுவா நான்கு முறை விழுந்து தோற்றார், டிசம்பரில் நான்கரைக் கிலோ இளைத்து வந்து, பெரும்பாலும் தூரத்திலிருந்து ஜாப் போட்டே பன்னிரண்டு சுற்றும் ஆடிப் புள்ளியில் வென்றார்.

அடுத்த சண்டைக்கு முன் பார்க்க வேண்டியவை

1. இவருடைய சிறந்த குத்து எந்தத் தூரத்தில் வேலை செய்கிறது? அந்தத் தூரத்தை வைத்திருக்கப் போவது யார்?

2. அடி விட்டபின் கை எங்கே திரும்புகிறது? 1936இல் ஜோ லூயி ஜாப் போட்டபின் இடது கையைத் தாழ்த்துவதை மேக்ஸ் ஷ்மெலிங் படச்சுருளில் பார்த்துக் கண்டுபிடித்தார், அந்த இடைவெளியில் வலது கையை விட்டுப் பன்னிரண்டாம் சுற்றில் நாக் அவுட் செய்தார். 1938இல் லூயி அந்த இடைவெளியை அடைத்துவிட்டு வந்தார், சண்டை 124 வினாடியில் முடிந்தது.

3. ஆறாம் சுற்றுக்குப் பிறகும் கை அதே கனத்தோடு வருகிறதா? எல்லாருக்கும் வராது. 45 வயதில், 1994 நவம்பரில், பத்தாம் சுற்றில் மைக்கேல் மூரரைப் படுக்க வைத்த ஃபோர்மன் அபூர்வம்.

4. எடை வித்தியாசம் எவ்வளவு, அந்த எடையை எதற்குப் பயன்படுத்துகிறார்? சாய்ந்து களைக்க வைக்கவா, சும்மா சுமக்கவா?

தாடை பலம் பற்றி ஒன்று

அடி வாங்கியும் விழாதவரை இரும்புத் தாடை என்று புகழ்கிறோம். நம் பக்கத்திலும் பயிற்சிக்கு வரும் பையன்கள் அதை நிரூபிக்க ஹெட்கார்டு இல்லாமல் ஒருவரையொருவர் தலையில் அடிக்க விடுகிறார்கள், கைபேசியில் எடுக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். தாடை தசை அல்ல, அடி வாங்கிப் பழக்கினால் வலுக்காது. நினைவு தப்புவது என்றால் மூளைக் காயம். 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், அடி வாங்கி வாங்கித் தள்ளாட்டமும் குழறலும் வந்த குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார். ஷேவர்ஸிடம் அலி 15 சுற்று நின்றது பெரிய வீரம்தான், ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ இனி நீ சண்டை போடக் கூடாது என்று சொல்லி விலகினார். அலி நிறுத்தவில்லை. 1984இல் அவருக்குப் பார்கின்சன் நோய்க்கூறு என்று கண்டறிந்தார்கள். தலைச்சுற்றல், வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுதல் இருந்தால் அந்தப் பையனை மருத்துவர் பார்க்காமல் மறுபடி வளையத்துக்குள் ஏற்றவே கூடாது.

1973 ஃபோர்மனும் இன்றைய உசிக்கும் மோதினால்?

இந்தக் கேள்வி வராத அரட்டை இல்லை, அதனால் பதில் சொல்லிவிடுகிறேன். எடையில் ஃபோர்மன் அன்றைக்குச் சுமார் 98 கிலோ, உசிக் நான்கைந்து கிலோ கூடவே இருப்பார், ஆகவே எடை ஃபோர்மனுக்குச் சாதகம் இல்லை. உசிக் குனிந்து நுழைகிறவரும் அல்ல, ஃபிரேசியரைத் தரையிலிருந்து தூக்கிய அந்த அப்பர்கட்டுக்கு இலக்கு கிடைக்காது. ஃபோர்மனுக்கு இருக்கும் வழி ஒன்று: தோளைப் பிடித்துத் தள்ளிக் கயிற்றில் நிறுத்தி, முதல் மூன்று சுற்றுக்குள் விலாவில் அடிப்பது, உசிக் வயிற்றடிக்குச் சிரமப்பட்டிருக்கிறார். நான்காம் சுற்றுக்கு மணி அடிக்கும்போதும் உசிக்கின் கால் ஓடிக்கொண்டிருந்தால், என் சீட்டில் ஒன்பதாம் அல்லது பத்தாம் சுற்றில் ஃபோர்மன் அடுத்த சுற்றுக்கு எழாமல் மூலையிலேயே உட்கார்ந்துவிடுவார்.